பாலின் மேல் விழுந்த பழி: மார்பகத் தளர்வும் அதற்குச் சொல்லப்பட்ட விடைகளும்

தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளையும் பால்குடத்தோடு ஏறும் பெண்களை ஆண்டுதோறும் பார்க்கிறோம். பாலைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் அதே சமூகத்தில்தான் 'பிள்ளைக்குப் பால் கொடுத்தால் மார்பு சரிந்துவிடும்' என்ற பேச்சும் தலைமுறை தலைமுறையாகப் புழங்குகிறது. தோட்டத்து லயத்தில் பேசப்பட்டது, இன்று கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளிலும் பேசப்படுகிறது.

மார்பகம் ஏன் தளர்கிறது, தடுக்க வழி உண்டா, அறுவை சிகிச்சை எதைச் சரிசெய்யும் என்ற கேள்விகளுக்கு விடை சொன்னவர்கள் பலர்: பாட்டிமார், மருத்துவச்சிகள், உள்ளாடை தயாரித்தவர்கள், களிம்பு விற்பவர்கள், உடற்கூறியல் அறிஞர்கள், அறுவை மருத்துவர்கள். அவரவர் கையில் இருந்த சரக்குக்குத் தோதாகவே அவரவர் விடையும் அமைந்திருப்பதை இந்த வரலாற்றைப் புரட்டுபவர் கவனிக்காமல் இருக்க முடியாது.

இரண்டு அளவு நாடாக்கள்

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ ரவிக்கை தைப்பவர், சுற்றளவோடு இன்னோர் அளவும் எடுப்பார். தோள்பட்டையின் உச்சியில் நாடாவை வைத்து, மார்முனை வரை இறக்கி, ஓர் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்வார். 'டாட்' எனும் கூம்பு மடிப்பு எங்கே போய் முடிய வேண்டும் என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும். முதல் பிள்ளைக்கு முன் தைத்த அளவு ரவிக்கையைக் கொடுத்துப் புதிதாகத் தைக்கச் சொன்னால், டாட் மேலே நின்றுவிடும், துணி கீழே சுருங்கும். கைதேர்ந்த தையற்காரர் அளவு ரவிக்கையை நம்பாமல் மறுபடியும் நாடாவை எடுப்பது இதனால்தான்.

அறுவை மருத்துவரும் கிட்டத்தட்ட இதையே செய்கிறார். அவர் நாடாவை வைக்கும் இடம் கழுத்தடிக் குழி. அங்கிருந்து முலைக்காம்பு வரை 21 செ.மீ. என்ற 'சரியான' அளவு இன்றும் பாடநூல்களில் வருகிறது. அதன் பிறப்பிடம் தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜாக் பென் 1955இல் எழுதிய கட்டுரை. அவர் 150 பெண்களை அளந்து, அவர்களில் 20 பேரின் மார்பகமே குறையற்றது என்று தாமே தெரிவுசெய்து, அந்த இருபது பேரின் அளவிலிருந்து இலக்கணம் வகுத்தார். 2012இல் இங்கிலாந்து மருத்துவர்கள் மல்லூச்சியும் பிரான்ஃபர்டும் முலைக்காம்புக்கு மேலே 45 பங்கு, கீழே 55 பங்கு என்ற விகிதத்தை முன்வைத்தார்கள். அவர்கள் ஆராய்ந்தது 100 மாடல் அழகிகளின் படங்களை. மாடல்களை வைத்து அழகை வரையறுத்தால் மாடல்கள்தான் அழகு என்று விடை வரும். பின்னர் பொதுமக்களிடமும் அதே விகிதத்தைக் காட்டி ஒப்புதல் தேடினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவற்றோடு ஒப்பிட, கனடா மருத்துவர் பவுலா ரெனோ 1976இல் தந்த வகைப்பாடு நிதானமானது. அது அழகைத் தொடாமல் இடத்தை மட்டும் குறிக்கிறது. மார்பகத்தின் அடிமடிப்புதான் கோடு. முலைக்காம்பு அந்தக் கோட்டுக்கு நேராகவோ ஒரு செ.மீ. வரை கீழாகவோ இருந்தால் முதல் நிலை. ஒன்று முதல் மூன்று செ.மீ. வரை இறங்கியிருந்தால் இரண்டாம் நிலை. மூன்றுக்கும் மேல் இறங்கி, மார்பகத்தின் அடிவிளிம்பிலேயே தரையை நோக்கி நின்றால் மூன்றாம் நிலை. காம்பு கோட்டுக்கு மேலேயே இருந்து, சதை மட்டும் கீழே வழிந்திருந்தால் அது போலித் தளர்வு. இந்த அளவுகோலிலும் ஒன்றை மறந்துவிடக் கூடாது: முதல் நிலை நோய் அல்ல. மூன்றாம் நிலைகூடத் தானாக நோயாகிவிடாது.

பழி எங்கிருந்து வந்தது

தமிழ் மரபு தளர்ந்த மார்பை ஒரே கண்ணால் பார்க்கவில்லை. சிற்பியின் உளி இளமையையே செதுக்கியது. ஆனால் சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் காரைக்கால் அம்மையார் எலும்பு தெரியும் உடலும் வற்றித் தொங்கிய மார்புமாக, கையில் தாளத்தோடு அமர்ந்திருக்கிறார். திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் பேயின் உருவை வருணிக்கப் புகும் அவர், வற்றிய மார்பிலிருந்தே தொடங்குகிறார். அறுபத்து மூவரில் உட்கார்ந்த நிலையில் வணங்கப்படும் ஒருவரின் அடையாளமே அந்தத் தளர்வுதான். 'மார் சரிந்துபோச்சு' என்று ஒரு தாயைப் பார்த்துச் சொல்லும்போது இது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

மலாயாவுக்கு வந்த தமிழ்ப் பெண்களின் பிள்ளைப்பேற்று வழக்கங்களில் மார்பைவிட வயிற்றுக்கே கவனிப்பு அதிகம். பச்சை உடம்புக்காரிக்கு மஞ்சளும் வேப்பிலையும் போட்ட வெந்நீர்க் குளியல், பூண்டுப் பத்தியம், சேலையைக் கிழித்து இறுக்கும் வயிற்றுக்கட்டு என்று அது போகும். அண்டை வீட்டு மலாய்க்காரர்களிடம் 44 நாள் பந்தாங் என்னும் பேறுகாலப் பத்தியம், பெங்குங் என்னும் வயிற்றுக்கட்டு, உருவிவிடுதல், ஜாமு மூலிகை மருந்து என்று இதற்கு இணையான முறை இருந்தது. இரண்டும் கலந்து இன்றும் நடக்கிறது. இந்தக் கட்டும் உருவுதலும் மார்பகத்தின் வடிவைக் காத்ததாகக் காட்டும் நம்பத்தக்க சான்று கிடையாது. ஓய்வும் உறவினர் துணையும் தாய்க்குக் கிடைத்தன, அது தனி நன்மை.

பால் கொடுப்பதை நிறுத்தியதற்கு அழகு பற்றிய அச்சம் மட்டும் காரணம் என்று சொன்னால் தவறாகும். விடிவதற்குள் பால்மரம் வெட்டப் போன தாய், கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுப்போனாள். குழந்தைக்கு டின் பால் போயிற்று. இனிப்பிட்ட டின் பாலைக் கைக்குழந்தைகளுக்கு உகந்ததென்று விற்பதைக் கொலை என்றே சொல்ல வேண்டும் என மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசினார். வேலை, விற்பனை, உடல் பற்றிய கூச்சம் என்ற மூன்றில் எது எவ்வளவு பங்கு வகித்தது என்று பிரித்துக்காட்ட இன்று வழியில்லை.

பழி மட்டும் பாலின் மேல் நின்றுவிட்டது. காரணம் எளிது. கர்ப்பம், பால் கொடுத்தல், எடை மாற்றம், வயது ஆகிய நான்கும் ஒரே ஐந்தாறு ஆண்டுகளில் சேர்ந்தே நடக்கின்றன. நான்கில் தாயின் கையில் இருப்பதாகத் தோன்றுவது பால் கொடுப்பது ஒன்றுதான். குற்றம் சுமத்த அதுவே வசதியாகப் போயிற்று.

தோலும் நாரும்

மார்பகத்துக்குள் தசை இல்லை. பால் சுரப்பிகள், கொழுப்பு, இவற்றினூடே ஓடும் நார்கள், மேலே தோல். தசை இருப்பது அடியில், நெஞ்சுக்கூட்டின் மேல். ஆங்கில அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1840இல் வெளியிட்ட மார்பக உடற்கூறியல் நூலில் அந்த நார்களை விவரித்தார். இன்றும் அவை அவர் பெயராலேயே அறியப்படுகின்றன. அவை நீண்டுபோவதுதான் தளர்வு என்பது நெடுநாள் விடை. ஆனால் நார்கள் உண்மையில் எவ்வளவு எடையைத் தாங்குகின்றன, தோல் எவ்வளவு தாங்குகிறது என்பதில் கருத்தொற்றுமை இல்லை. வியன்னாவின் எலிசபெத் வியூரிங்கர் 1998இல் மார்பகத்தின் குறுக்கே ஓடும் ஒரு நார்த்தடுப்பை விவரித்த பிறகு, தாங்கும் அமைப்பு பற்றிய படம் மேலும் சிக்கலானது.

ஒன்று மட்டும் தெளிவு. சுரப்பிகள் பெருத்து மார்பகம் கனப்பது கர்ப்ப காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. பிறகு அவை சுருங்கும்போது, விரிந்த தோல் முழுவதும் திரும்புவதில்லை. காற்றுப் போன பலூன் போல மேல்பகுதி வற்றிவிடுகிறது. பிள்ளைக்கு ஒரு நாள்கூடப் பால் கொடுக்காத தாய்க்கும் இது நடக்கும். மாதவிலக்கு நின்ற பின் சுரப்பித் திசு குறைந்து அந்த இடத்தில் கொழுப்பு சேர்கிறது. தோலின் மீள்தன்மையும் குறைகிறது. பிள்ளை பெறாத பெண்ணுக்கும் தளர்வு வருவது அதனால்தான்.

கெண்டக்கியிலிருந்து கிள்ளான் வரை

எண்ணிக்கையோடு இந்தப் பழியைச் சோதித்தவர்களில் பெயர்பெற்றவர் அமெரிக்காவின் கெண்டக்கிப் பல்கலைக்கழகத்து மருத்துவர் பிரையன் ரிங்கர். மார்பக அறுவை சிகிச்சை நாடி வந்த 132 பெண்களின் விவரங்களை அவர் குழு ஆராய்ந்தது. வயது, உடல் பருமன், பெரிய எடைக் குறைவு, கர்ப்பங்களின் எண்ணிக்கை, இயல்பிலேயே பெரிய மார்பளவு, புகைப்பழக்கம் ஆகியவை தளர்வோடு சேர்ந்து வந்தன. பால் கொடுத்ததும், கர்ப்பத்தில் கூடிய எடையும், மேலுடல் பயிற்சி செய்யாததும் அப்படிச் சேர்ந்து வரவில்லை.

இதைக் கொண்டு வழக்கு முடிந்ததென்று தீர்ப்பெழுதக் கூடாது. அந்த 132 பேரும் தங்கள் மார்பகத்தில் குறைகண்டு மருத்துவரிடம் வந்தவர்கள், குறையாக நினைக்காதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஒஹாயோ மாநிலத்தின் ட்வின்ஸ்பர்க் இரட்டையர் விழாவில் 161 ஜோடி இரட்டைச் சகோதரிகளை ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வும், எடை, கர்ப்பம், அளவு, புகை ஆகியவற்றையே பெரிதும் சுட்டியது. ஆனால் பால் கொடுத்தவர்களின் காம்பைச் சுற்றிய வட்டத்திலும் தோலிலும் சில மாற்றங்களை அது பதிவுசெய்தது. பாலுக்கு எந்தத் தடயமும் இல்லை என்று சொல்வது மிகை. சரிவுக்குப் பால்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை என்பதே சரியான வாசகம்.

இந்த எண்களை அப்படியே கிள்ளானுக்குக் கொண்டுவர முடியுமா? புகையை எடுத்துக்கொள்வோம். மலேசியாவின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் புகைபிடிக்கும் பெண்கள் 1.2 விழுக்காடு, ஆண்கள் 40.5 விழுக்காடு. கெண்டக்கியில் பெரிய காரணியாக நிற்பது இங்கே பெண்களிடம் அநேகமாக இல்லை. எடையோ நேர்மாறு. அதே ஆய்வின்படி நாட்டில் வளர்ந்தோரில் 50.1 விழுக்காட்டினர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள், இந்தியர்களிடம் இது இன்னும் கூடுதல். ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கும் எடைதான் இங்கே முதலில் நிறுத்திக் கேட்க வேண்டிய சாட்சி.

மலேசியாவில் தாய்ப்பால் மட்டுமே பெறும் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் 2006இல் 14.5 விழுக்காடாக இருந்தனர். 2016இல் 47.1, 2022இல் 53.2 என அது உயர்ந்தது. 2023 தொடக்கத்திலிருந்து தனியார் துறையில் பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியுள்ளது. மூடநம்பிக்கையைவிட விடுப்புக் கணக்குதான் பால் நிறுத்தத்தை அதிகம் தீர்மானிக்கிறது என்று ஊகிக்க இடமுண்டு.

தடுப்பு என்ற வணிகம்

இரவுச் சந்தையில் விற்கும் களிம்பு, 'இறுக்கும்' எண்ணெய், ஜாமு உருண்டை ஆகியவற்றைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. தோலில் தடவுவது தோலை ஈரப்பதமாக வைக்கும், உள்ளே நீண்டுபோன நாரைச் சுருக்காது. பெட்டியில் பதிவு எண் இல்லாத களிம்பில் என்ன கலந்திருக்கிறது என்பது தனிக் கவலை.

உடற்பயிற்சியைப் பற்றி ஒரு தெளிவு தேவை. தண்டால் எடுத்தால் அடியிலுள்ள நெஞ்சுத் தசை பெருக்கும், நிமிர்ந்து நிற்கும் பழக்கம் வரும், பார்வைக்குச் சற்று ஏறியது போலத் தோன்றலாம். மார்பகத்துக்குள்ளே தசை இல்லாததால் அது ஏறாது.

உள்ளாடை விவாதம்தான் சுவையானது. பிரான்சின் பெசான்சோன் நகரத்து விளையாட்டு மருத்துவப் பேராசிரியர் ஜான்-தெனி ருயோன், 18 முதல் 35 வயது வரையான ஏறத்தாழ 330 பெண்களை 15 ஆண்டுகளாக அளந்து, பிரா அணிவதால் பயனில்லை, அணியாதவர்களுக்குக் காம்பு சற்று உயரக்கூடக் கூடும் என்று 2013இல் வானொலியில் சொன்னார். உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. இது முதற்கட்ட முடிவு, எல்லாப் பெண்களுக்கும் பொருத்திவிடாதீர்கள் என்று அவரே சொன்னது தலைப்பில் இடம்பெறவில்லை. அவர் அளந்தவர்கள் இளம் பெண்கள். மூன்று பிள்ளை பெற்ற, நாற்பத்தைந்து வயதுப் பெண்ணைப் பற்றி அது எதுவும் சொல்லாது. ஓடும்போது மார்பகம் மேலும் கீழும் பக்கவாட்டிலும் எட்டு வடிவில் அசைகிறது, நல்ல விளையாட்டு பிரா வலியைக் குறைக்கிறது என்பது நிலைநாட்டப்பட்டது. சாதாரண பிரா தளர்வைத் தடுக்கும் என்பதும் கெடுக்கும் என்பதும் இன்னும் நிலைநாட்டப்படாதவை.

மிஞ்சுவது பத்தியக்காரர் சொல்வது போன்ற எளிய ஆலோசனைதான். எடையை ஒரே சீராக வைத்துக்கொள்வது, புகையைத் தவிர்ப்பது. வயதையும் பரம்பரையையும் யாரும் தடுக்க முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரு பக்கமும் மெல்ல மெல்ல ஆண்டுக்கணக்கில் இறங்குவதே தளர்வு. ஒரு பக்கம் மட்டும் திடீரென வடிவம் மாறுதல், தோல் குழிதல், காம்பு உள்ளே இழுபடுதல், கட்டி, காம்பிலிருந்து இரத்தம் கசிதல் ஆகியவை வேறு கதை. மலேசியப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 'வயசானா இப்படித்தான்' என்று ஒதுக்கினால் விலை பெரிது.

கத்தியின் கணக்கு

அறுவை சிகிச்சையின் வரலாற்றில் நம் தையற்காரரை மறுபடி சந்திக்கிறோம். அமெரிக்காவின் ராபர்ட் வைஸ் 1956இல் வெளியிட்ட வெட்டுப்படம் இன்றும் உலகெங்கும் பயனில் இருக்கிறது. அதை அவர் வடித்தது பிராவின் துணி வெட்டிலிருந்து. தட்டையான துணியைக் கூம்பாக்க எங்கே வெட்டி எங்கே மூட்ட வேண்டுமோ, அதே கணக்கைத் தோலில் பொருத்தினார். டாட் பிடிப்பதும் இதே வேலைதான்.

வைஸ் முறையில் காம்பைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து செங்குத்தாக ஒரு கோடு, அடிமடிப்பில் குறுக்கே ஒரு கோடு என்று நங்கூர வடிவில் தழும்பு விழும். மூன்றாம் நிலைத் தளர்வுக்கு இது தேவைப்படலாம். குறுக்குக் கோட்டைத் தவிர்க்கும் செங்குத்து முறையை பிரான்சின் லசூஸ், பெல்ஜியத்தின் மதலேன் லெஜூர் ஆகியோர் வளர்த்தார்கள், கனடாவின் எலிசபெத் ஹால்-ஃபிண்ட்லே 1999இல் எளிமைப்படுத்தினார். காம்பைச் சுற்றிய வட்டத்தோடு நிற்கும் முறையை பெனெல்லி என்ற மருத்துவர் 1990இல் விவரித்தார், அது லேசான தளர்வுக்கே பொருந்தும். தழும்பு சுருங்கச் சுருங்க, மாற்றக்கூடிய வடிவமும் சுருங்குகிறது. விளம்பரங்கள் இந்தப் பேரத்தைச் சொல்வதில்லை.

அறுவையால் மேல்பகுதி நிரம்பிவிடும் என்பது பரவலான எதிர்பார்ப்பு. மருத்துவர் எரிக் ஸ்வான்சன், 2011இல் வெளியிட்ட ஆய்வுக்காக 82 ஆய்வறிக்கைகளின் படங்களை அளந்து பார்த்தபோது, தூக்கும் சிகிச்சையும் குறைக்கும் சிகிச்சையும் மேல்பகுதி நிறைவைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டவில்லை என்று கண்டார். அந்த நிறைவுக்காகச் சிலிக்கோன் பொதியைச் சேர்க்கிறார்கள். 1962இல் ஹூஸ்டனில் முதன்முதலாக வைக்கப்பட்ட அந்தப் பொதி ஆயுள் முழுக்க உழைப்பதல்ல, மறு அறுவை வரலாம். கரடுமுரடான மேற்பரப்புள்ள சில பொதிகளோடு ஓர் அரிய வகை நிணநீர்ப் புற்றுநோய் தொடர்புபட்டதால் 2019இல் ஒரு வகை உலகளவில் திரும்பப் பெறப்பட்டது. ஏற்கெனவே நீண்ட தோலுக்குள் எடையைக் கூட்டுவதில் ஒரு முரண் இருக்கிறது, மருத்துவர்களே இதைத் தமக்குள் விவாதிக்கிறார்கள்.

அழகுக்கான தூக்கலையும் பெரும் மார்பகத்தைக் குறைப்பதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. கழுத்து வலி, முதுகு வலி, தோளில் பிரா பட்டை பதிந்த பள்ளம், நம் ஊர் வெக்கையில் அடிமடிப்பில் ஆறாமல் வரும் அரிப்பும் பூஞ்சைப் புண்ணும் உள்ளவர்களுக்கு, குறைப்பு அறுவை பெருமளவு நிவாரணம் தருகிறது என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகின்றன.

இனியும் பிள்ளை பெற நினைப்பவர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. குறைப்பு அறுவைக்குப் பின் பால் கொடுத்தவர்கள் பற்றிய 2017ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வில், காம்புக்கு அடியிலுள்ள சுரப்பித் திசுவை முழுவதும் விட்டுவைத்த முறைகளில் வெற்றியின் நடுமதிப்பு 100 விழுக்காடு, ஓரளவு விட்டதில் 75, அடியோடு வெட்டியதில் 4. அந்தத் திசுவை எவ்வளவு விட்டுவைப்பீர்கள் என்று மருத்துவரிடம் கேட்டாலே போதுமான அளவு விளங்கும். பால் நிறுத்திச் சில மாதங்களாவது கழித்தே அறுவையைத் திட்டமிடுவது வழக்கம்.

தழும்பு பற்றி மேலைநாட்டுக் கையேடுகள் 'ஓராண்டில் மங்கிவிடும்' என்று எழுதுவதைத் தமிழ்ப் பெண்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. கரிய தோலில் தழும்பு கறுத்து நிற்பதும், மேடாகத் தடிப்பதும், கீலாய்டாக வளர்வதும் கூடுதல். காது குத்திய இடம் தடித்த வரலாறு உண்டா என்று அனுபவமுள்ள மருத்துவர் முதலிலேயே கேட்பார். நீரிழிவு இன்னொன்று. 2019 ஆய்வில் மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, நாட்டின் சராசரி 18.3. கட்டுப்படாத சர்க்கரையோடு கத்தி வைத்தால் புண் ஆறுவது தாமதமாகும். காம்புத் திசு செத்துப்போவது அரிது என்றாலும் இத்தகையவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். உணர்ச்சி குறைதல், இரு பக்கமும் ஒத்திராமை, சில ஆண்டுகளில் மறுபடி இறங்குதல் ஆகியவை யாருக்கும் நேரலாம். கத்தி வடிவை மாற்றும், புவியீர்ப்பை மாற்றாது.

யார் கத்தி பிடிக்கலாம் என்பதில் மலேசியச் சட்டம் மௌனமாக இல்லை. தனியார் மருத்துவ நிலையங்களுக்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம் உரிமம் கோருகிறது, சுகாதார அமைச்சின் வழிகாட்டி பொது மருத்துவர்களின் அழகியல் சிகிச்சைக்கு எல்லை போடுகிறது, நிபுணர் பெயரைத் தேசிய நிபுணர் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். ஆனாலும் 2020இல் செராஸில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை பெற்ற இளம்பெண் உயிரிழந்தார். கூச்சம் ஒருவரை மருத்துவமனையிலிருந்து விலக்கி, கேள்வி கேட்காத மாடியறைக்கு அனுப்பிவிடுகிறது.

நோட்டில் இருக்கும் எண்

நார்களும் தோலும் தாங்கும் பங்கு, பிராவின் நெடுங்கால விளைவு, எடை குறைக்கும் புதிய ஊசி மருந்துகள் மார்பகத்தை எப்படி மாற்றும் என்பவை திறந்தே இருக்கின்றன. தமிழ்ப் பெண்களின் தோலில் எந்த வெட்டுமுறைத் தழும்பு எப்படி ஆறுகிறது என்பதும் தனியே ஆராயத்தக்கது. அடிப்படைக் குறை ஒன்று எல்லாவற்றுக்கும் பொது: பெரும்பாலான ஆய்வுகள் பல பெண்களை ஒரு முறை அளந்தவை, அல்லது பழையதை நினைவுகூரச் சொல்லிக் கேட்டவை. ஒரே பெண்ணை மணத்துக்கு முன்பும், முதல் பிள்ளைக்குப் பின்பும், பால் நிறுத்திய பின்பும், ஐம்பது வயதிலும் அளந்தால்தான் பாலின் பங்கைப் பிரித்தெடுக்க முடியும். அப்படி ஒருவர் நாடாவை எடுத்து, தீபாவளிக்குத் தீபாவளி, தைப்பூசத்துக்குத் தைப்பூசம், தோள் உச்சியிலிருந்து மார்முனை வரை அளந்து, பெயருக்கு நேரே எண்ணை எழுதி வைத்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்த நோட்டு தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் கிடக்கிறது.